கோத்தா கெலாங்கி: லிங்கியு காட்டில் தேடப்படும் கருங்கல் கோட்டை

கேள்வியின் எல்லை

பண்டார் தெங்காராவில் பழமை என்று கைகாட்ட ஒரு கட்டடமும் கிடையாது. 1972-இல் தொடங்கப்பட்ட தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம், சுருக்கமாக கெஜோரா, காட்டை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் எழுந்த புதுநகரங்களுள் ஒன்று அது. சுற்றியிருந்த ஃபெல்டா என்ற அரசு நிலத்திட்டக் குடியேற்றங்களுக்குக் கடைத்தெருவும் பள்ளியும் அலுவலகங்களும் தேவைப்பட்டன, ஊர் வந்தது. இன்று அது கூலாய் மாவட்டத்தில் இருக்கிறது. வரலாற்றுத் தலங்களைத் தேடிப் போகிறவர் இங்கே வண்டியை நிறுத்தினால், எண்ணெய் நிரப்பவோ தேநீர் குடிக்கவோதான் நிறுத்துவார்.

ஆனால் ஊருக்கு அப்பாலுள்ள லிங்கியு காட்டைப் பற்றிப் பெரிய கூற்று ஒன்று உலவுகிறது. ஜொகூர் ஆற்றின் தலைப்பகுதியில், கருங்கல் கோட்டையுடன் கோத்தா கெலாங்கி என்ற நகரம் இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த ஓர் அரசன் அதை வென்றான். அந்த அரசன் முதலாம் இராஜேந்திர சோழன். ஒரே மூச்சில் சொல்லும்போது மூன்றும் ஒரே செய்தி போலக் காதில் விழுகின்றன. மூன்றுக்கும் சான்று ஒன்றல்ல, அதன் வலிமையும் ஒன்றல்ல. முதல் இரண்டும் ஒரு மலாய் ஏட்டிலிருந்து வருபவை. மூன்றாவது, அந்த ஏட்டையும் தஞ்சைக் கல்வெட்டையும் அருகருகே வைத்துப் படித்தவர்கள் செய்த பொருத்தம். இவற்றைத் தனித்தனியே எடைபோட்டு, அந்தக் காட்டைத் தேடி வருகிற பயணிக்கு என்ன எஞ்சுகிறது என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஏடு சொல்லும் கதை

செஜாரா மெலாயு என்று பரவலாக அறியப்படும் சுலாலத்துஸ் சலாத்தின், மலாய் அரசர்களின் வழிமுறையைச் சொல்லும் நூல். 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றது. அதன் தொடக்க இயல்களில் நாகப்பட்டினத்தில் ஆண்ட ஓர் அரசனும், அவன் வழியில் வந்த ராஜா சூரானும் வருகிறார்கள். பெயர்கள் பிரதிக்குப் பிரதி மாறுகின்றன. சூலான், சூரான், சூலின் என்று ஒரே ஒலியைச் சுற்றி வரும் இப்பெயர்களில் ஒன்று படையெடுத்தவனுக்கும் இன்னொன்று தோற்றவனுக்கும் உரியது. 'சோழன்' என்ற பெயரின் எதிரொலி இவற்றில் கேட்கிறது என்பதை மறுப்பவர்கள் குறைவு. அந்த எதிரொலி எந்தச் சோழனுடையது என்பதில்தான் சிக்கல்.

கதை இதுதான். உலகின் பெரும்பகுதியை வென்ற சூரான், எஞ்சிய சீனத்தையும் வெல்லப் பெரும் படையுடன் புறப்படுகிறான். வழியில் பேராக்கில் கங்கா நெகாரா வீழ்கிறது. அடுத்து கெலாங்கி. முன்னொரு காலத்தில் அது பெருநாடாக இருந்தது, அதன் கோட்டை கருங்கல்லால் ஆனது, ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் அக்கோட்டை இன்றும் இருக்கிறது என்கிறது ஏடு. அந்நாட்டு அரசனைப் போரில் கொன்று, அவன் மகள் ஓனாங் கியுவை மணந்துகொண்டு, சூரான் தெமாசெக்குக்கு, அதாவது இன்றைய சிங்கப்பூருக்கு, வந்து சேர்கிறான்.

செய்தி எட்டிய சீனத்து அரசன் ஒரு கப்பலை அனுப்புகிறான். அதில் துருப்பிடித்த ஊசிகள், காய்த்த மரங்கள், பல் விழுந்த கிழவர்கள். சீனம் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள் சூரானின் ஆட்கள். புறப்படும்போது எங்களுக்குப் பன்னிரண்டு வயதுகூட ஆகவில்லை, இந்த மரங்கள் விதையாக இருந்தன, இந்த ஊசிகள் கைப்பருமன் இரும்புக் கம்பிகளாக இருந்தன என்று அளக்கிறார்கள் கிழவர்கள். சூரான் படையைத் திருப்பிக்கொள்கிறான். பிறகு கண்ணாடிப் பேழையில் அமர்ந்து கடலடியில் இறங்கி, அங்கும் ஓர் இளவரசியை மணந்து, மூன்று ஆண் மக்களைப் பெறுகிறான். மலாய் அரச மரபு அந்த வழியில் கிளைக்கிறது.

கெலாங்கியை மட்டும் இந்தக் கதையிலிருந்து பிய்த்தெடுத்து வரலாறு என்று மேசை மீது வைப்பவர்கள், துருப்பிடித்த ஊசிகளையும் கண்ணாடிப் பேழையையும் என்ன செய்வது என்று சொல்வதில்லை. எனினும் கெலாங்கி வரியில் மற்ற வரிகளில் இல்லாத ஒன்று உண்டு: 'இன்றும் இருக்கிறது' என்ற உறுதி. அதைக் கதை என்று ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. காரணம் அந்த ஏடு எழுதப்பட்ட இடம்.

எழுதியவர் எங்கே இருந்தார்

ராஃபிள்ஸ் தொகுப்பின் 18ஆம் எண் கையெழுத்துப் பிரதியின் முன்னுரை, நூல் 1612-இல் பாசிர் ராஜாவில் அரச ஆணையின்பேரில் தொகுக்கப்பட்டதாகக் கூறுகிறது. பாசிர் ராஜா ஜொகூர் ஆற்றின் கரையில், கோத்தா திங்கிக்கு அருகே இருந்த அரச இருக்கை. மலாக்கா 1511-இல் போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்த பின், அதன் அரச மரபு பல இடங்களில் அலைந்து கடைசியில் வேர் ஊன்றிய ஆறு இது. சாயோங், ஜொகூர் லாமா, பத்து சவார் என்று தலைநகரங்கள் ஆற்றின் மேலும் கீழுமாக நகர்ந்தன. 1587-இல் ஜொகூர் லாமாவைப் போர்த்துக்கீசியர் அழித்தபோது, அரசவை மேலாற்றுப் பக்கம் ஒதுங்கியது. ஆக, ஏட்டை எழுதியவரும் அதைக் கேட்டவர்களும் படகேறிச் சில நாளில் போய்ப் பார்த்துவிடக்கூடிய தொலைவில்தான் அந்தக் கருங்கல் கோட்டை வைக்கப்பட்டிருக்கிறது.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். உள்ளூர்க்காரர்கள் நிறைந்த அவையில், உள்ளூர் ஆற்றின் தலைப்பகுதியில் இல்லாத கோட்டையை இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? ஏதோ ஓர் இடிபாடு, பழைய கரை, குறைந்தது மனிதன் அடுக்கியது போன்ற பாறைக் குவியல் அங்கே இருந்திருக்க வேண்டும். இது முதல் வாசிப்பு. கெலாங்கியை நம்புபவர்களின் மிக வலுவான வாதமும் இதுவே.

இரண்டாவது வாசிப்பு எனக்குக் கூடுதல் பொருத்தமாகப் படுகிறது. மலாக்காவை இழந்த அரச மரபு, புதிதாகக் குடியேறிய ஆற்றுக்கு ஒரு பழமையைத் தேட வேண்டியிருந்தது. மலாக்காவுக்கு முன்பே, தெமாசெக்குக்கும் முன்பே, இந்த ஆற்றில் பேரரசு ஒன்று இருந்தது. நம் முன்னோன் அதை வென்று அதன் இளவரசியை மணந்தான் என்று சொல்லிவிட்டால், ஜொகூர் ஆறு அகதிகளின் புகலிடம் என்ற நிலை மாறி, மூதாதையர் சொத்தாகிவிடும். படையெடுப்புக் கதை பழையதாக இருக்கலாம். அதற்கு ஜொகூர் ஆற்றில் இடம் குறித்துக் கொடுத்தது 16ஆம், 17ஆம் நூற்றாண்டுத் தேவையாக இருக்கலாம். இது என் ஊகம். ஏட்டின் பிரதி வேறுபாடுகளை ஆராய்ந்த ரூல்விங்க், நாம் படிக்கும் உருவம் பழைய அரசர் வரிசை ஒன்று படிப்படியாக விரிந்து உருவானது என்று காட்டியிருப்பது இந்த ஊகத்துக்கு இடம் தருகிறது.

சோழ நினைவு அந்த அவைக்கு எப்படி வந்தது என்பதற்கும் ஏட்டிலேயே தடயம் உண்டு. நூலைத் தொகுத்தவர் பெண்டஹாரா, அதாவது தலைமை அமைச்சர், துன் ஸ்ரீ லானாங் என்பது மரபு. இதில் கருத்து வேறுபாடும் உண்டு. அவர் பெயரைச் சொல்லும் முன்னுரை அவருடைய வழிமுறையை அடுக்கிக்கொண்டே போய், துன் அலி வழியாக மணி புரிந்தனில் நிறுத்துகிறது. மணி புரிந்தன் இந்தியக் கரையிலிருந்து மலாக்காவுக்கு வந்தவர் என்கிறது ஏடு. மலாக்காவின் தமிழ் முஸ்லிம் பெருங்குடிகள் அவர் வழியினர் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. நாகப்பட்டினத்து அரசனின் கதையை ஜொகூர் அரசவையில் சொன்னவர், தம் குடும்ப நினைவில் அந்தக் கரையை வைத்திருந்தவர். இராஜேந்திரனின் படையெடுப்புக்கு ஏறக்குறைய அறுநூறு ஆண்டுக்குப் பிறகு அந்த நினைவு எந்த வடிவில் இருந்திருக்கும் என்பதை, ஊர்க் கோயிலுக்குத் தலவரலாறு கேட்டுப் பார்த்தவர்கள் எளிதில் உணர்வார்கள்.

கல்வெட்டு சொல்வது

இனி மறுபக்கம். இராஜேந்திரனின் கடற்படையெடுப்பு 1025-ஐ ஒட்டி நடந்தது. 1030ஆம் ஆண்டுத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டின் மெய்க்கீர்த்தி, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும், அவன் செல்வத்தைக் கவர்ந்ததையும் சொல்லிப் பதின்மூன்று இடங்களைப் பட்டியலிடுகிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாபப்பாளம், மேவிளிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம்.

புலவன் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அடைமொழி தருகிறான். பண்ணைக்கு நீர்த்துறை, மாபப்பாளத்துக்கு ஆழ்நீர் அரண், நக்கவாரத்துக்குத் தேன் நிறைந்த சோலை, ஸ்ரீவிஜயத்துக்கு மணிகள் பதித்த வாயில். இவற்றில் சில, நேரில் கண்டவன் சொல்லித்தான் தெரிந்திருக்க முடியும் என்ற அளவுக்குக் குறிப்பானவை. பட்டியலில் கெலாங்கி இல்லை. அதை ஒத்த ஒலியுடைய பெயரும் இல்லை. மலையூருக்கு மட்டும் மலை அரண் என்ற அடைமொழி இருக்கிறது. கருங்கல் கோட்டையை விரும்புவோர் இதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் மலையூரைச் சுமத்ராவின் ஜம்பி பக்கத்து மலாயு என்றே பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள்.

ஜொகூர்ப் பகுதி அக்காலத்தில் ஆளற்ற காடாக இருந்தது என்றும் இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய சீனப் புவியியலாளர் ஜியா தான், ஒரு நீரிணையின் வடகரையில் லோயூவே என்ற நாடும் தென்கரையில் ஸ்ரீவிஜயமும் இருப்பதாகக் குறிக்கிறார். லோயூவேயை மலாய்த் தீபகற்பத்தின் தென்முனையில் வைக்கிறார் புவியியலாளர் பால் வீட்லி. ஆகவே ஜொகூர் ஆற்றோரம் ஓர் அரசு இருந்திருக்கலாம். அதைச் சோழர் தாக்கினார்கள் என்பதற்குச் சான்று வேறு வேண்டும். தாய்லாந்தின் தக்குவா பாவில் மணிக்கிராமத்து வணிகக் குழுவினரைக் குறிப்பிடும் தமிழ்க் கல்வெட்டு உண்டு. சுமத்ராவின் பாரூஸில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு உண்டு. ஜொகூர் ஆற்றுப் படுகையில் அப்படி ஒன்றும் அறியப்படவில்லை. அருகில் கிடைத்த ஒரே பெரிய எழுத்துச் சான்று சிங்கப்பூர்க் கல். அதையும் 1843-இல் ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய துண்டில் 'கேசரிவ' என்ற எழுத்துகளைக் காண்பதாகவும், பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக அது இருக்கலாம் என்றும் 2019-இல் ஆய்வாளர் இயன் சின்க்ளேர் முன்வைத்தார். கவனிக்கத்தக்க கருத்துதான். ஓர் உடைந்த கல்லின் சில எழுத்துகளை நம்பி லிங்கியு காட்டுக்குள் படையை அனுப்ப முடியாது.

தேடியவர்கள்

கெலாங்கியைக் குடியேற்ற அதிகாரிகளும் அறிந்திருந்தனர். ஜொகூரின் உட்காடுகளில் பயணம் செய்த டி.எஃப்.ஏ. ஹெர்வி 1881-இல் அதைப் பற்றிய செய்தியைப் பதிந்தார். ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடியினர் ஒருவர் அந்த இடத்துக்கு அழைத்துச் செல்ல 1920களின் இறுதியில் ஆயத்தமாக இருந்தார் என்று பிரிட்டிஷ் அதிகாரியும் அறிஞருமான வின்ஸ்டெட் எழுதினார். அந்த மனிதரோடு யார் போனார்கள், என்ன கண்டார்கள் என்ற தொடர்ச்சி இல்லை. இந்த ஒரு வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். தேடலின் வரலாறு முழுவதிலும் வழிகாட்டுகிறவர் ஒருவர் வருகிறார். அவருக்குப் பெயர் இல்லை.

அடுத்தவர் ஜெரால்ட் கார்ட்னர். ஜொகூரில் சுங்க அதிகாரியாக இருந்தவர். பிற்காலத்தில் இங்கிலாந்தில் விக்கா என்ற சூனிய வழிபாட்டு இயக்கத்தைப் பரப்பிப் புகழ் பெற்றவர். கெலாங்கியைத் தேடிப் போன அவர் ஜொகூர் லாமாவின் இடிபாடுகளில் போய் முட்டிக்கொண்டார். ஜொகூர் ஆற்றங்கரையில் பொறுக்கிய மணிகளை வைத்து, மலாயாவுக்கும் உரோமப் பேரரசுக்கும் கடல்வழித் தொடர்பு இருந்தது என்று 1937-இல் கட்டுரை எழுதினார். மணி கையோடு கை மாறி நூற்றாண்டுகள் பயணம் செய்யும். பாட்டி கழுத்திலிருந்து பேத்தி கழுத்துக்கு வரும். மேற்பரப்பில் கிடைத்த மணி, கிடைத்த இடத்தின் வயதைச் சொல்லாது. ஜொகூர் லாமாவில் 1953-இலும் 1960-இலும் முறைப்படி தோண்டியவர்களுக்குச் சீனப் பீங்கான் ஓடுகளோடு 16ஆம் நூற்றாண்டுத் தலைநகரமே கிடைத்தது.

பிறகு நெடுங்காலம் ஓசையில்லை. 2004ஆம் ஆண்டுக்குரிய ராயல் ஆசியச் சங்க மலேசியக் கிளையின் இதழில், கான்பெராவிலிருந்து தனியாக ஆய்வு செய்துவந்த ரைமி செ-ரோஸ் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். மலாய் ஏடுகள், ஓராங் அஸ்லி வாய்மொழி, வான்படங்கள் ஆகிய மூன்றையும் இணைத்து, கெலாங்கி இருந்திருக்கக்கூடிய இடத்தைக் குறுக்கிக் காட்ட முயன்றது அக்கட்டுரை. அது ஒரு தொடக்க முயற்சி என்பதைத் தலைப்பிலேயே அவர் சொல்லிவிட்டார். 2005 பிப்ரவரியில் நாளிதழ்களுக்குச் செய்தி போனதும் அந்த அடக்கம் காணாமல் போயிற்று. அங்கோருக்கும் பொரோபுதூருக்கும் மூத்த நகரம் ஜொகூர்க் காட்டில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்ற அளவுக்குப் பேச்சு வளர்ந்தது. தமிழ் வாசகர்களிடையே இராஜேந்திரனின் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது.

அரசு ஆய்வாளர்கள் 2005 ஜூலையில் ஏறத்தாழ ஒரு மாதம் அப்பகுதியில் தேடினார்கள். நகரத்தின் சுவடு எதுவும் கிடைக்கவில்லை என்று 2006 ஏப்ரலில் பாரம்பரியத் துறை அறிவித்தது. அப்படி ஒரு நகரம் இருந்திருக்கவே முடியாது என்று தாங்கள் சொல்லவில்லை, கொடுக்கப்பட்ட தகவலின்படி தேடியதில் கிடைக்கவில்லை என்பதே நிலை என்றும் அத்துறை விளக்கியது. இந்த இரண்டாம் பகுதியைப் பலர் மேற்கோள் காட்டுவதில்லை. நம்புகிறவர்கள் அதை மட்டுமே காட்டுகிறார்கள்.

செ-ரோஸின் வாதத்தில் பலவீனமான கண்ணி என்று நான் கருதுவது வான்படம். மேலிருந்து பார்க்கும்போது மரக்கவிப்பில் தெரியும் நேர்கோடு கோட்டைச் சுவராகவும் இருக்கலாம், பழைய மரவெட்டுப் பாதையாகவும் இருக்கலாம், பாறைப் பிளவாகவும் இருக்கலாம். தரையில் இறங்கி மண்வெட்டியால் உறுதி செய்யும்வரை அது கோடு மட்டுமே. பெயர் ஒற்றுமையும் அப்படித்தான். லிங்கியு ஆற்றின் பெயர் ஏட்டின் கெலாங்கியை நினைவூட்டுகிறது, உண்மை. ஆனால் பகாங்கில் ஜெராண்டுட் அருகே கோத்தா கெலாங்கி என்ற பெயரிலேயே சுண்ணாம்புக் குகைகள் இருக்கின்றன. கல்லும் இருளும் சேர்ந்த இடத்துக்கெல்லாம் மக்கள் அந்தப் பெயரை வைத்தார்களோ என்று ஐயப்பட இடமுண்டு.

கல்லைத் தேடும் கண்

தமிழ்நாட்டிலிருந்து வருகிற பயணிக்கும், மலேசியத் தமிழருக்கும்கூட, பழைய நகரம் என்றால் கருங்கல்தான். தஞ்சையும் கங்கைகொண்ட சோழபுரமும் நம் கண்ணைப் பழக்கிவைத்திருக்கின்றன.  ஆனால் மலாய்த் தீபகற்பத்தின் பழைய நகரங்கள் பெரும்பாலும் மண்ணாலும் மரத்தாலும் ஆனவை. வீடு ஆற்றங்கரையில் கால் ஊன்றி நின்றது. கோட்டை என்பது வெட்டிக் குவித்த மண் அணையும் அதன்மேல் மர வேலியும். எரித்தால் ஒரே நாளில் போய்விடும். அரசன் உயிரோடு இருந்தால் அடுத்த வளைவில் புது நகரம் எழும்.

ஜொகூர் லாமாவுக்குப் போனால் இதை நேரில் காணலாம். ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் மேட்டில் நீளமாக ஓடும் மண்மேடு ஒன்று. புல் முளைத்து, ஆள் உயரத்தை ஒட்டியும் சில இடங்களில் அதற்கு மேலும் நிற்கிறது. விவரம் தெரியாதவர் அதைச் சாலை போடக் கொட்டிய மண் என்று நினைத்து ஏறி நின்று ஆற்றைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். 1587-இல் போர்த்துக்கீசியப் பீரங்கிகளை எதிர்கொண்ட மதில் அதுதான். கோத்தா திங்கியின் கம்போங் மாக்காமில், 1699-இல் பல்லக்கில் கொல்லப்பட்ட சுல்தான் மஹ்மூதின் சமாதி இருக்கிறது. ஒரு சுளை பலாப்பழத்துக்காகத் தன் கர்ப்பிணி மனைவியைச் சுல்தானிடம் பறிகொடுத்த மெகாட் ஸ்ரீ ராமாவின் பழி அங்கே முடிந்தது என்பது மக்கள் வழக்கு. மலாக்காவிலிருந்து வந்த மரபு அத்தோடு அறுந்தது என்பது வரலாறு. இந்த இரண்டு இடங்களும் சான்று உள்ளவை. பண்டார் தெங்காரா வழியாகக் கிழக்கே போகிற எவரும் எளிதில் காணக்கூடியவை.

அடர்காட்டில் நகரத்தைத் தேடும் வழியும் இப்போது மாறிவிட்டது. 2012-இல் அங்கோரைச் சுற்றி வானூர்தியிலிருந்து செலுத்திய லைடார் கதிர்கள், மரங்களுக்கடியில் மண்ணில் பதிந்திருந்த தெருக்களையும் குளங்களையும் வெளிக்கொண்டுவந்தன. அதே ஆண்டு ஹொண்டுராஸின் மஸ்கீத்தியா காட்டிலும் அம்முறையால் குடியிருப்புத் தடங்கள் தெரிந்தன. அதைத் 'தொலைந்த நகரம்' என்று 2015-இல் செய்தியாக்கியபோது, அங்கு வாழும் மக்களுக்குத் தெரிந்த இடத்தை யார் தொலைத்தது என்று தொல்லியலாளர்களே கண்டித்தார்கள். லிங்கியு காட்டுக்கும் அந்தக் கேள்வி அப்படியே பொருந்தும்.

காட்டின் ஆவணப்பட்ட வரலாறு

1962ஆம் ஆண்டின் ஜொகூர் ஆற்று நீர் ஒப்பந்தப்படி சிங்கப்பூர் 2061 வரை அந்த ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். ஆற்றில் நீர் குறைந்தால் கடல்நீர் உள்ளே ஏறிவிடும். மேலே தேக்கி வைத்து வேண்டியபோது திறந்துவிட்டால் உப்பு பின்வாங்கும். அதற்காக 1990-இல் சிங்கப்பூரும் ஜொகூரும் மேலும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள, லிங்கியு அணை எழுந்தது. கெலாங்கி இருந்ததாகச் சொல்லப்படும் நிலப்பரப்பின் ஒரு பகுதி நீருக்கடியில் போனது. எஞ்சியது நீர்ப்பிடிப்புக் காடு. அனுமதியில்லாமல் நுழைய முடியாது.

அணைக்காகவும் நீர்ப்பிடிப்புக்காகவும் எடுக்கப்பட்ட நிலம் 53,273 ஏக்கர். தலைமுறை தலைமுறையாக அதில் வேட்டையாடி, பிரம்பு வெட்டி, பழம் பறித்து வாழ்ந்தவர்கள் ஜாக்கூன் இனத்து ஓராங் அஸ்லி மக்கள். அவர்களில் 52 பேர் மாநில அரசின்மீது வழக்குத் தொடுத்தார்கள். ஆடோங் பின் குவாவ் வழக்கு என்று சட்டநூல்கள் குறிப்பிடுவது இதைத்தான். ஜொகூர் பாரு உயர்நீதிமன்றம் அவர்களுடைய மரபுவழி உரிமையைப் பொதுச்சட்டத்தின்படியும் அரசியலமைப்பின்படியும் ஏற்றுக்கொண்டு, 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு தரத் தீர்ப்பளித்தது. மூதாதையர் நிலம் போனது, அதில் நடமாடும் உரிமை போனது, காட்டின் விளைபொருள் போனது, பிள்ளைகளின் வாழ்வாதாரம் போனது என்று இழப்பின் வகைகளைத் தீர்ப்பு பிரித்துச் சொன்னது. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மலேசியாவில் பூர்வகுடி நில உரிமைக்கு முன்னோடித் தீர்ப்பு அதுவே.

கெலாங்கி விவாதத்தில் இந்த வழக்கு ஏன் ஓரமாகவே நிற்கிறது என்பது எனக்குப் புரிவதில்லை. ஹெர்வி காலம் முதல் செ-ரோஸ் காலம் வரை, காட்டில் கோட்டை உண்டு என்ற செய்தியின் பெரும்பகுதி ஓராங் அஸ்லி வாய்மொழியாக வந்தது. அந்த வாய்மொழி கோட்டையைச் சொன்னபோது ஆய்வாளர்கள் குறிப்பெடுத்தார்கள். நிலம் எங்களுடையது என்று அதே மக்கள் சொன்னபோது அதைச் செவிமடுக்க நீதிமன்றம் தேவைப்பட்டது. லிங்கியு பள்ளத்தாக்கில் நெடுங்காலம் மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்குச் சாட்சியம் கேட்டு, குறுக்கு விசாரணை செய்து, எழுத்தில் முடிவு கூறப்பட்ட ஒரே ஆவணம் அந்தத் தீர்ப்பு.

தோட்டத் தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. தோட்டம் கைமாறும்போது கோயிலையும் லயத்தையும் இழந்து, இங்கே நாங்கள் வாழ்ந்தோம் என்று நிரூபிக்கப் போராடிய அனுபவம் நமக்கு உண்டு. பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி என்ற பழங்கோயிலை 2013-இல் ஒரு கட்டுமான நிறுவனம் இடித்தபோது கொதித்தவர்களும் நாம்தான். அப்படிப்பட்டவர்கள் லிங்கியு காட்டைப் பற்றிப் பேசும்போது, அதில் வாழ்ந்தவர்களைத் தாண்டி, வந்து வென்று போனதாகச் சொல்லப்படும் அரசனை மட்டும் தேடுவது பொருத்தமாக இல்லை.

முடிவும் ஒரு கோரிக்கையும்

சான்றுகளைக் கூட்டிப் பார்த்தால் நிலை இதுதான். தென்னிந்தியப் படையெடுப்பைப் பற்றிய மங்கலான நினைவு மலாய் அரசவையில் இருந்தது, அது உறுதி. இராஜேந்திரன் லிங்கியுவில் போரிட்டான் என்பதற்குக் கல்வெட்டும் இல்லை, தொல்பொருளும் இல்லை. அதை வரலாறாகப் பாடநூலிலோ சுற்றுலாக் கையேட்டிலோ எழுதக்கூடாது. கருங்கல் கோட்டை இருந்திருக்க வாய்ப்பு குறைவு. மண் அணை சூழ்ந்த ஒரு மேலாற்றுக் குடியிருப்பு, ஸ்ரீவிஜயக் காலத்தைச் சேர்ந்ததாகவோ ஜொகூர் அரசவை அலைந்த காலத்தைச் சேர்ந்ததாகவோ இருந்திருக்க வாய்ப்பு உண்டு. அதைத்தான் யாரும் சரியாகத் தேடவில்லை.

தேடுவதற்கு வழியும் இருக்கிறது. 2016 அக்டோபரில் லிங்கியு நீர்த்தேக்கம் கொள்ளளவின் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்த அளவுக்கு நீர் இறங்கினால், இருபது ஆண்டுக்கு மேல் மூழ்கியிருந்த கரை செடிகொடி இல்லாமல் வெளியே வருகிறது. பானை ஓடும் பீங்கான் துண்டும் கண்ணுக்குத் தெரியும் நிலம் அது. அடுத்த வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது, ஜொகூர் மாநில அரசும் பாரம்பரியத் துறையும் சிங்கப்பூரின் நீர் வாரியத்தோடு பேசி, அந்தக் கரையில் முறையான மேற்பரப்பு ஆய்வு நடத்த வேண்டும். சுற்றியுள்ள காட்டுக்கு லைடார் அளவீடும் செய்ய வேண்டும். அந்தக் குழுவில் ஜாக்கூன் மக்கள் ஆய்வாளர்களாகவே, பெயரோடும் ஊதியத்தோடும், இடம்பெற வேண்டும்.